யாழ்ப்பாணத்துக் கிணறும் கௌராமி மீனும்



உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கலாம். பிள்ளைகளின் பிடிவாதத்திற்காக வாங்கி வந்த நான்கு மீன்கள் அதில் நீந்திக்கொண்டிருக்கலாம். முதல் ஒரு வாரம் வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கும். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம், பரீட்சை என்று போய்விட, தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் யார் தலையில் விழுந்திருக்கும்? சந்தேகமென்ன, உங்கள் தலையில்தான்! ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மீன் வளர்ப்பைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255ல் மறைந்த அல்-ஜாஹிஸ், உயிரினங்களைப் பற்றி 'கிதாபுல் ஹயவான்' என்ற பெரும் நூலையே எழுதி வைத்தார். அரபுக் கல்லூரியில் படித்தவனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. படைப்பைக் கூர்ந்து பார்ப்பது நமக்கு அந்நியமான வேலையே இல்லை. நானோ யாழ்ப்பாணத்திற்குப் போன இடத்தில் கண்டதையும் கேட்டதையும் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

ஆறில்லாத ஊர்

யாழ்ப்பாணம் நமக்குத் தூரமில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். இறங்கியதும் கண்ணில் படுவது பனை. எங்கு திரும்பினாலும் பனை. ஆனால் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அதுதான் வற்றாத ஆறு! மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் அந்தக் குடாநாட்டின் ஆறு.

அப்படியானால் தண்ணீர்? எல்லாம் கிணறுதான். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். கடலேரியை அண்டிய பகுதிகளில் பல கிணறுகள் உவர்த்தே கிடக்கின்றன. நல்ல கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். இந்தத் தண்ணீர்ச் சேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் கதைக்கு இது வேண்டும்.

யாழ் நகரத்தின் சோனகத் தெருப் பக்கம் போனேன். அந்தத் தெருவின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990 அக்டோபர் 30ஆம் தேதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2002 போர் நிறுத்தத்திற்குப் பிறகு சிலரும், 2009ல் போர் முடிந்த பிறகு இன்னும் சிலரும் திரும்பி வந்தார்கள். இன்றும் பல குடும்பங்கள் பாதி புத்தளத்திலும் பாதி யாழ்ப்பாணத்திலுமாக இருக்கின்றன. கூரையில்லாத வீடுகளும், அவற்றின் நடுவே ஒட்டுப்போட்டுக் கட்டியெழுப்பிய வீடுகளும் அருகருகே நிற்கின்றன.

அப்படித் திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் விருந்துண்ண அழைத்தார்கள். குடும்பத் தலைவர் புத்தளத்தில் வியாபாரம் பார்க்கிறார். இங்கே உம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். முற்றத்தில், பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறைய கௌராமி மீன்கள்! கடைகளுக்குக் கொடுக்கிறார்களாம். பிள்ளைகளின் டியூசன் காசு இதிலிருந்துதான் வருகிறது என்றார் அந்த உம்மா.

"லேசாத் தொடங்கேல்ல மௌலவி. முதல்ல கடையில வடிவாயிருக்கு எண்டு நிறமான மீனாப் பார்த்துப் பத்து வாங்கினது. அவ்வளவும் ஆண். ஒரு கிழமைக்குள்ள நாலு செத்துப் போச்சு. வருத்தம் எண்டு நினைச்சு மருந்தும் போட்டம். பிறகுதான் விளங்கினது, ஒண்டையொண்டு கடிச்சே கொண்டிருக்குதுகள்."

பார்த்தீர்களா சகோதரிகளே! ஆண் எது, பெண் எது என்று தெரியாததனால் போட்ட முதலும் போயிற்று, வாயில்லா உயிர்களும் போயின. மூத்த மகள் அதன் பிறகு தொட்டியருகே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாராம். அந்தப் பிள்ளை எனக்குக் காட்டித் தந்ததையும், இந்த மீனைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்திகளையும் சேர்த்துத் தருகிறேன்.

ஆணா, பெண்ணா?

முதலில் முப்புள்ளிக் கௌராமி. நீலம், பொன்னிறம், மேகம் போன்ற திட்டு என்று கடைகளில் பல நிறங்களில் விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே இனத்தின் வகைகள்தாம். உடம்பின் நடுவில் ஒரு புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. மூன்றாவது புள்ளி எங்கே என்று தேடாதீர்கள். கண்ணைத்தான் மூன்றாவதாக எண்ணுகிறார்கள்!

இந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் ஒன்றுதான். பார்க்க வேண்டியது முதுகுத் துடுப்பை. யாழ்ப்பாணத்தில் இதைச் 'செட்டை' என்பார்கள். ஆணுக்கு அது நீண்டு, பின்பக்கம் கூராக முடிந்து, வாலின் அடி வரை எட்டும். பெண்ணுக்குக் குட்டையாக, நுனி வளைந்து உருண்டிருக்கும். ஆணின் உடம்பு ஒடுக்கம். முட்டை தாங்கும் பருவத்துப் பெண்ணின் வயிறு உருண்டு தெரியும்.

வயிற்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதிகமாகத் தின்ற ஆணின் வயிறும் ஊதும். நோயிலும் வயிறு ஊதும். வயிறு ஊதி, செதில்கள் சிலிர்த்து நின்றால் அது முட்டையல்ல, வியாதி. அந்த மீனை உடனே தனியாக்க வேண்டும்.

மிகச் சிறிய குஞ்சுகளில் வேறுபாடு தெரியாது. கொஞ்சம் வளர்ந்த மீனை வாங்குவதே நல்லது. பயந்த மீன் துடுப்பை மடக்கிக்கொள்ளும். கடைக்காரர் வலையில் பிடித்து அவசரமாகக் காட்டினால் ஒன்றும் விளங்காது. கண்ணாடிக்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மீன் பயம் தெளிந்து துடுப்பை விரிக்கும். அப்போது பக்கவாட்டில் பாருங்கள்.

முத்துக் கௌராமி என்று ஒன்றுண்டு. உடம்பெல்லாம் முத்துப் பதித்தது போலிருக்கும். இதில் வளர்ந்த ஆணின் கழுத்தும் மார்பும் செம்மஞ்சளாகச் சிவந்திருக்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு இல்லை. ஆணின் அடிப்பக்கத் துடுப்பின் ஓரம் நூல் நூலாக நீண்டிருக்கும்.

குட்டைக் கௌராமி வங்காளம், அஸ்ஸாம் பக்கத்து மீன். இதில் சிவப்பும் நீலமும் கோடு கோடாக மின்னுவது ஆண். வெள்ளி போல மங்கியிருப்பது பெண். "வடிவான மீனாக" பொறுக்கினால் அத்தனையும் ஆணாகிப் போவதன் காரணம் இதுதான். தேன் கௌராமியிலும் பருவ காலத்தில் ஆண்தான் தேன் நிறத்தில் ஜொலிக்கும். அதன் தொண்டை கறுத்து வரும். பெண் மங்கல், உடம்பில் பழுப்புக் கோடு ஒன்று ஓடும்.

இன்னொன்று, 'கிஸ்ஸிங் கௌராமி' என்று விற்பது. இதில் ஆண் பெண்ணைப் பார்வையால் பிரிப்பது மிகக் கடினம். இரண்டு மீன்கள் வாயோடு வாய் வைப்பதைக் கண்டு அன்பென்று நினைத்துவிடாதீர்கள். அது பலப்பரீட்சை! யார் பெரியவர் என்று ஒன்றையொன்று தள்ளிப் பார்க்கின்றன.

மீன் என்ன சொல்கிறது?

மீனுக்கு வாயில்லை என்கிறோம். ஆனால் அதன் உடம்பே பேசுகிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

கௌராமியின் அடியில் இரண்டு நீண்ட நூல்கள் தொங்கும். அவை மீசையல்ல, வயிற்றுத் துடுப்புகள். அந்த நூலால் தொட்டுப் பார்க்கும். சுவையையும் அதனாலேயே அறியும். பக்கத்து மீனைத் தடவும், செடியைத் தடவும், புதிதாக ஒரு கல்லைப் போட்டால் அதையும் தடவும். நூலை முன்னே நீட்டித் தடவிக்கொண்டு திரிகிற மீன் நலமாக இருக்கிறது என்று எண்ணலாம்.

அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போகும். பயப்படாதீர்கள், அது இயல்பு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பை அல்லாஹ் இதற்குக் கொடுத்திருக்கிறான். அதனால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிறது. காற்றுக் குறைந்த சேற்றுக் குட்டையிலும் பிழைத்திருக்க இந்த ஏற்பாடு. மேற்பரப்பு முழுவதையும் பிளாஸ்டிக் இலைகளால் மூடிவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டும். அதேசமயம், எல்லா மீன்களும் மேலேயே தங்கி வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள். உடனே ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுங்கள்.

நம்மூரில் பனையேறிக் கெண்டை என்று சொல்வோமே, அது இந்தக் கௌராமியின் உறவுக்காரன்தான். 1791ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், பனை மரத்துப் பட்டையில் அந்த மீன் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். அது லண்டனில் 1797ல் அச்சாயிற்று. உயரமான மரத்தில் அது ஏறுவதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பவில்லை. ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊர்ந்து, ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குப் போவது உண்மை. அதற்கும் உதவுவது காற்றைச் சுவாசிக்கும் அதே உறுப்புத்தான்.

சண்டையின் அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, துடுப்புகளை விரித்து, வாலால் தண்ணீரை அடிக்கும். அத்தோடு ஒன்று விலகிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஒன்று விடாமல் துரத்துகிறதா? மற்றொன்று நிறம் மங்கி, துடுப்பை மடக்கி, தீனிக்கும் வராமல் மூலையில் நிற்கிறதா? அந்த மீன் உங்களிடம் முறையிடுகிறது. இன்றே பிரித்துவிடுங்கள், நாளை என்றால் அது இருக்காது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று விட்டு, மிதக்கும் செடிகளைப் போட்டு, ஒளிய இடம் கொடுத்தால் துரத்தல் ஒரே மீனின் மேல் விழாது. சின்னத் தொட்டியில் இரண்டு ஆண்கள் வேண்டவே வேண்டாம்.

நுரையால் ஒரு கூடு

ஒரு நாள் காலையில் தண்ணீரின் மேல் சோப்பு நுரை போல ஒன்று ஒதுங்கி நிற்கும். யாரோ சோப்பைக் கலந்துவிட்டார்கள் என்று வழித்து ஊற்றிவிடாதீர்கள்! அது ஆண் மீன் கட்டிய கூடு. காற்றை விழுங்கி, எச்சிலோடு குமிழி குமிழியாக விட்டு, இலைத் துணுக்குகளையும் சேர்த்துக் கட்டுகிறது. (கிஸ்ஸிங் கௌராமி கூடு கட்டுவதில்லை.) பெண் இல்லாவிட்டாலும் சில ஆண்கள் கட்டும். ஆகவே நுரையைக் கண்டதும் முட்டை என்று முடிவு செய்ய வேண்டாம்.

பெண் தயாரானால் கூட்டின் கீழே வரும். ஆண் தன் உடம்பை வளைத்து அதை அணைக்கும். எண்ணெய்ப் பசையுள்ள முட்டைகள் மேலே மிதந்து வரும். சிதறியவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். முப்புள்ளிக் கௌராமி ஒரே தடவையில் பல நூறு முட்டைகள் இடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். முட்டை இட்டு முடிந்ததும் காவல் முழுவதும் தந்தைக்கு. அது தாயையும் பகைவனாகவே பார்த்துத் துரத்தும். சின்னத் தொட்டியில் பெண் செத்தே போகலாம். ஆகவே பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்று ஒன்றரை நாளில் பொரிக்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் தாமாக நீந்தும். அப்போது தந்தையையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காவல்காரனே குஞ்சுகளைத் தின்னத் தொடங்குவான்!

குஞ்சுகள் ஊசிமுனை அளவுதான். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்கள் முதல் உணவு. சில நாள் கழித்து ஆர்ட்டீமியாக் குஞ்சு. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு சில வாரங்களில்தான் வளரும். அதுவரை குளிர்காற்று படாமல் தொட்டியை இலேசாக மூடி வைக்க வேண்டும். அந்த வீட்டில் பழைய ஜன்னல் கண்ணாடியை மூடியாகப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஈரக் காற்று கதகதப்பாக நின்றது.

இனி தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நீரை முப்புள்ளிக் கௌராமி நன்றாகவே தாங்குகிறது. மென்மையான நீரையே விரும்பும் சாக்லேட் கௌராமி போன்றவற்றிற்கு அது ஆகாது. அந்த உம்மா முப்புள்ளிக்கு மாறியதில் இந்த ஞாயமும் இருக்கிறது. புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியானால் நாள்கணக்கில் நீர் நிரப்பி, பலமுறை மாற்றி, சுண்ணாம்பின் வேகம் தணிந்த பிறகே மீன் விட வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரத்திற்குக் கால் பங்கு போதும்.

நம் பொறுப்பு

உயிரைக் கூண்டில் வைப்பது ஆகுமா என்று பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. உம்மு சுலைம் (ரலி) அவர்களின் சின்ன மகன் அபூஉமைர் ஒரு குருவி வைத்திருந்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி ஹதீஸில் உண்டு. இதைக் கொண்டு, நன்றாகக் கவனிப்பதானால் வளர்க்கலாம் என்று அறிஞர்கள் சொன்னார்கள். அதே ஹதீஸ் நூல்களில்தான், பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளான செய்தியும் இருக்கிறது. அவிழ்த்து விட்டிருந்தால் பூனை எங்காவது போய்ப் பிழைத்திருக்கும். தொட்டி மீன் எங்கே போகும்? கண்ணாடிக்குள் அதன் பசியும் மூச்சும் பகையும் எல்லாம் நம் கையில். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவதும், அது ஒதுங்கி நிற்பதன் பொருளை அறிவதும் வெறும் பொழுதுபோக்கல்ல என்று இதனால்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. வளர்க்க முடியவில்லை என்று பலர் செய்யும் காரியம், மீனைக் கொண்டுபோய்க் குளத்திலோ கிணற்றிலோ விடுவது. புண்ணியம் என்றும் நினைக்கிறார்கள். முப்புள்ளிக் கௌராமி இலங்கையின் சொந்த மீன் அல்ல, தென்கிழக்காசிய மீன். நம் தமிழ்நாட்டுக்கும் அது அந்நியம்தான். வெளி மீன் குளத்தில் பெருகினால் ஊர் மீனின் இரையையும் இடத்தையும் பறிக்கும், நோயையும் கொண்டு சேர்க்கும்.

"கிணற்றில் மீன் விடுவது நல்லதென்று சுகாதாரக்காரர்களே சொல்கிறார்களே" என்றால், அது வேறு சேதி. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பின் சில மாதங்களுக்குள்ளாகவே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ஒரு மலேரியாக் கொசு மன்னாரில் காணப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அங்கே கொசுவுக்கு நுளம்பு என்று பெயர். நுளம்புப் புழுவைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விடுவது தடுப்பு வழிகளில் ஒன்று. எந்தக் கிணற்றில் எந்த மீன் என்பதை அவர்கள் சொல்ல வேண்டும், நாமாகச் செய்யக் கூடாது. நாம் செய்ய வேண்டியது, மீன் செத்த பிறகு வெறும் தண்ணீரோடு தொட்டியை முற்றத்தில் போட்டு வைக்காதிருப்பது. டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு வேண்டியதில்லை!

வளர்க்க இயலாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது ஆசையுள்ள அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, "இது ஆண், இது பெண், இரண்டு ஆண்களைச் சேர்த்து விடாதே" என்று சொல்லிக் கொடுங்கள். மீனோடு அந்த அறிவும் போய்ச் சேரட்டும்.

இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் உங்கள் தொட்டியருகே சிறிது நேரம் நில்லுங்கள். முதுகுத் துடுப்பு கூரா, உருண்டையா? மூலையில் ஒதுங்கி நிற்பது எது? ஒன்றைத் தனியாக்க வேண்டும் என்று தோன்றினால், காலைவரை காத்திருக்க வேண்டாம்.